ஓடைக்கு அளவெடுக்கலாம் வாங்க: டேப் அப்புறம், முதல்ல கோடு எங்கன்னு கண்டுபிடிக்கணும்

வணக்கம் மக்களே. தண்ணி சத்தத்துல நான் பேசுறது கேக்குதா? இருங்க, மைக்கைக் கொஞ்சம் மேல மாட்டிக்கிறேன். ஆங், இப்ப ஓகே.

கலிஃபோர்னியாவுல ஓக்லாண்ட் மலைப்பக்கம் ஒரு சின்ன ஓடைக்குள்ள நிக்கிறேன். பேரைச் சொல்ல மாட்டேன். ட்ரவுட் மீன் முட்டையிடுற இடம். வீடியோ பாத்துட்டு நாலு பேர் வந்து இறங்கிட்டா வம்பு. நாங்க அனுமதி வாங்கித்தான் இறங்கியிருக்கோம்.

விஷயம் என்னன்னா, கீழ ஊருக்குள்ள ஒரு ஓடை இருக்கு. அந்தக் காலத்துல அதை காங்கிரீட் வாய்க்காலா மாத்திட்டாங்க. இப்ப அதை உடைச்சு எடுத்துட்டு, மறுபடி மண்ணும் கல்லும் மரமுமா ஓடை ஆக்கணும். சரி, எவ்வளவு அகலம் வெட்டுறது? எவ்வளவு ஆழம்? தாராளமா அகலமா வெட்டிட்டோம்னு வைங்க, தண்ணி பரவி, வேகம் செத்து, வண்டல் படிஞ்சு மேடு தட்டிடும். குறுக்கி ஆழமா வெட்டினா, வேகம் எகிறி அடிமண்ணைப் பறிச்சு, கரை சரிஞ்சு விழும். அதனால டெய்லர்கிட்ட அளவு சட்டை குடுக்கிற மாதிரி, இதே மழை, இதே மண்ணு, இதே சரிவு உள்ள, இன்னும் கெட்டுப்போகாத ஓடை ஒண்ணைத் தேடி அளவெடுக்கிறோம். ரெஃபரன்ஸ் ரீச்னு சொல்லுவாங்க.

இப்ப தண்ணியைப் பாருங்க, கணுக்கால்தான் நனையுது. இந்த ஊர்ல மழை அக்டோபர் வாக்குல ஆரம்பிச்சு ஏப்ரலோட முடிஞ்சிடும். இது ஆகஸ்ட். இந்தத் தண்ணியோட அகலத்தை அளந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஓடையைச் செதுக்குறது மழைக்கால வெள்ளம். அதுலயும் நூறு வருஷத்துக்கு ஒருதடவை வர்ற பேய் வெள்ளம் இல்லைங்க. சராசரியா ஒன்றரை வருஷத்துக்கு ஒருதடவை, கரை தளும்ப வருமே, அந்த சாதா வெள்ளம்தான். அதுக்கு மேல போச்சுன்னா பக்கத்துத் தரையில ஏறிடும். அந்த மட்டத்துக்குப் பேரு பேங்க்ஃபுல். டிசைன் மொத்தமும் அதுமேலதான் உக்காந்திருக்கு. அகலம், ஆழம், எல்லாமே அந்தக் கோட்டுல இருந்துதான் கணக்கு.

டேப் புடிக்கிறது யாரு வேணா பண்ணலாம். அந்தக் கோடு எங்க இருக்குன்னு சொல்றதுதான் வேலை.

கேமராவைத் திருப்புறேன். இந்த வளைவோட உள்பக்கம் ஒரு திட்டு தெரியுதா? கீழ பூரா கூழாங்கல். மேல ஏற ஏற கல்லு சின்னதாகி, திட்டோட தலைக்கு வந்தா, இதோ கையில அள்ளுறேன், வெறும் நைஸ் மணல். அந்த இடத்துல சரிவும் நின்னு தரை சமமாயிடுது. பக்கத்துல ஆல்டர் மரம் பாருங்க. இந்த மட்டத்துக்குக் கீழ ஒரு கன்னுகூட பிழைக்கல, வெள்ளம் பிடுங்கிட்டுப் போயிடுது. மூணு அடையாளமும் ஒரே உயரத்துல வந்தா இங்க ஒரு கொடி குத்தலாம். குத்தியாச்சு. (அந்த மூணு இலைச் செடிகிட்ட மட்டும் போயிடாதீங்க. பாய்ஸன் ஓக். ஒரு வாரத்துக்கு அரிப்புத் தாங்காது.)

ஒரு கொடியை நம்பி இறங்கக் கூடாது. மேலயும் கீழயுமா குத்திக்கிட்டே போகணும். எல்லாம் தண்ணியோட சரிவுக்கு இணையா ஒரே கோட்டுல வரணும். அதோ, அந்த நாலாவது கொடி தனியா மேல நிக்குது பாருங்க. அங்க மரம் விழுந்து மண்ணு தேங்கியிருக்கு. அது கணக்குல வராது, பிடுங்கிடுவோம்.

இப்பத்தான் டேப். மடுவுல கட்டாதீங்க, வளைவுலயும் வேண்டாம். தண்ணி ஆழமில்லாம சலசலன்னு ஓடுற நேரான இடம், ரிஃபிள், அங்க கட்டணும். தண்ணி போற திசையைப் பாத்து நின்னா இடது கைப்பக்கம் ஜீரோ. தொய்வு இல்லாம இழுத்துக் கட்டிட்டு, ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் பாக்குற கருவி) வச்சு, அடிக்கு ஒரு இடத்துல அளவுகோலை நிறுத்தி ஒரு ஸ்டாஃப் ரீடிங். சரிவு மாறுற இடத்துல எல்லாம் கூடுதலா ஒண்ணு. சிவில் படிச்சவங்களுக்கு சர்வே கேம்ப் ஞாபகம் வரும்.

இன்னைக்கு வந்தது: பேங்க்ஃபுல் அகலம் 14 அடி, சராசரி ஆழம் 1.2 அடி, அதிகபட்ச ஆழம் 1.8 அடி. அந்த 1.8-ஐ ரெண்டு மடங்காக்குங்க, ஓடையோட அடியில இருந்து 3.6 அடி உயரத்துல பள்ளத்தாக்கு எவ்வளவு அகலம்னு பாருங்க. இங்க 35 அடி. அதை 14-ஆல வகுத்தா 2.5. இது 2.2-ஐத் தாண்டினா வெள்ளம் பரவ இடம் இருக்குன்னு அர்த்தம். 1.4-க்குக் கீழ போனா ஓடை பள்ளத்துக்குள்ள மாட்டிக்கிச்சு.

அடுத்தது கல் எண்ணுறது. வோல்மன்னு ஒருத்தர் 1954-ல சொன்ன முறை, இன்னைக்கும் அதேதான். ஒவ்வொரு அடி வச்சதும் கீழ பாக்காம, முகத்தைத் திருப்பிக்கிட்டு, பூட் முனைக்கிட்ட விரலை விடணும். முதல்ல எது தட்டுதோ அதை எடுக்கணும். பாத்தீங்கன்னா கை தானா அழகான பெரிய கல்லுக்குத்தான் போகும், அதான். எடுத்த கல்லோட நீளமும் வேண்டாம், தடிமனும் வேண்டாம், நடு அளவு. இது... 46 மில்லிமீட்டர். இப்படி நூறு கல்லு. முதுகு போயிடும். ஆனா எந்த வேகத்துல அடிக்கல் நகரும்னு இதை வச்சுத்தான் கணக்குப் போடுறோம்.

கோடு சரியான்னு எப்படித் தெரியும்? இந்த வட்டாரத்துக்கு டன், லியோபோல்டுன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1978-ல ஒரு கிராஃப் போட்டு வச்சிருக்காங்க. இவ்வளவு நீர்ப்பிடிப்புப் பரப்புன்னா இவ்வளவு அகலம், இவ்வளவு ஆழம்னு. அதுல வச்சுப் பாக்கணும். ரொம்பத் தள்ளி வந்தா திரும்ப இறங்கித் தேடணும்.

ஏன் இவ்வளவு சந்தேகம்னா, கரையே ஏமாத்தும். பென்சில்வேனியா பக்கம் ஓடைக்கரை எல்லாம் தட்டையா அழகா இருக்கும். இயற்கையான வெள்ளச் சமவெளின்னுதான் பாடப்புத்தகமே நினைச்சுது. 2008-ல வால்டர், மெரிட்ஸ்னு ரெண்டு பேர், அதுல பெரும்பகுதி பழைய நீர்ச்சக்கர ஆலைகளோட அணைக்குப் பின்னாடி தேங்கின சேறுன்னு காட்டினாங்க. 1840 வாக்குல கிழக்கு அமெரிக்காவுல அந்த மாதிரி ஆலை அணை 65,000-க்கு மேல! அந்தக் கரையைப் பேங்க்ஃபுல்னு எடுத்தா, டேப் ஒரு இன்ச் பிசகலைன்னாலும் டிசைன் தப்புதான்.

இங்கயே பக்கத்துல, கில்ராய்ல, யூவாஸ் க்ரீக். 1995 நவம்பர்ல 0.9 கிலோமீட்டருக்கு வளைஞ்சு நெளிஞ்சு ஓடுற மாதிரி புதுசா அமைச்சாங்க. 1996 பிப்ரவரியில வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு மழைக்காலம்கூடத் தாங்கல. பெர்க்லி பேராசிரியர் கான்டால்ஃப் குழு பிறகு பழைய வரலாற்றைத் தோண்டிப் பாத்தா, அது அப்படி அடங்கி ஓடுற ஓடையே இல்லை. வெள்ளத்துக்கு வெள்ளம் சரளையைக் கொண்டுவந்து கொட்டி, இடம் மாறிக்கிட்டே இருந்த ஓடை. ஓடைகளை வகை பிரிக்கிற அட்டவணையில ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து அந்த வடிவத்தை அதுமேல திணிச்சதுதான் வினை. அதனால என் வழக்கம், அளவெடுக்கப் போறதுக்கு முன்னாடி கிடைக்கிற பழைய வான்படம் எல்லாத்தையும் பாத்துடுவேன்.

ட்ரோன் விட்டா ஒரு மணி நேரத்துல முடியாதான்னு நினைப்பீங்க. தலைக்கு மேல பாருங்க, வானம் தெரியுதா? ஒரே இலை. ட்ரோன் போட்டோவுல மரத்தோட உச்சிதான் வரும். அதான் பூட் மாட்டிக்கிட்டு இறங்குறோம்.

இன்னும் நீளவாக்குல சரிவு எடுக்கணும், அகலத்தைப் போல இருபது மடங்கு, 280 அடி. லெவலை எடுத்து அந்த வளைவுக்கு அப்பால வைக்கணும். ரீடிங்கை எக்ஸெல்ல போட்டு வரையிறதை அடுத்த வீடியோவுல காட்டுறேன். வரட்டுங்களா.