பேரோசையுள்ள கைத்தாளங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

பக்தி இசையைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் நான் எடுத்துக்கொண்டது கீர்த்தனையும் இல்லை, ஞானப்பாட்டும் இல்லை. ஹெவி மெட்டல். அதிலும் ஒரே ஓர் ஆல்பம்: 'தியாக்ரஸி' என்ற அமெரிக்க பேண்ட் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'மொசைக்'. வந்து நாளாகிவிட்டது என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது இன்னும் புது ஆல்பம்தான். போட்டுக் கேட்கும்போதெல்லாம், அதுவரை கவனிக்காத ஏதோ ஒன்று காதில் விழுகிறது.

இந்த ஆல்பத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும். "கிறிஸ்தவ மெட்டலா? இரண்டும் எப்படி ஒட்டும்?" நியாயமான கேள்வி. காதைப் பிளக்கும் கிட்டார், தொண்டை கிழியக் கத்தும் குரல், கறுப்புச் சட்டை, மண்டையோடு. இதற்கும் ஆராதனைக்கும் என்ன சம்பந்தம்?

நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தை முழுதாக வாசித்திருக்கிறீர்களா? அதில் இருக்கும் 150 பாட்டுகளில் மூன்றில் ஒரு பங்காவது புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது 13-ம் சங்கீதம். 88-ம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் முடிந்துபோகிறது. யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறார். இதையெல்லாம் பாடியவர்கள் மெல்லிய குரலில், கண்ணை மூடிப் புன்னகைத்துக்கொண்டா பாடியிருப்பார்கள்? சரி, துதி என்று வந்தாலும் 150-ம் சங்கீதம் என்ன சொல்கிறது? "பேரோசையுள்ள கைத்தாளங்களுடன் அவரைத் துதியுங்கள்." நாம் பாட்டுப் புத்தகம் தொகுக்கும்போது அமைதியான பாதியை எடுத்துக்கொண்டோம். சத்தமான பாதி வேதத்திலேயே தங்கிவிட்டது. அந்தப் பாதியை எடுத்துப் பாடுகிற இசை மெட்டல் என்பது என் கட்சி.

இது மெட்டலுக்கு வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து ஒட்டிய சங்கதியும் இல்லை. மெட்டலின் ஊற்று என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பேண்ட் பிளாக் சபாத். அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் தகட்டுப் பட்டறையில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் நுனிகளை இழந்தார். விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். நாளடைவில் கம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்தி, சுருதியை இறக்கினார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் அந்த இறங்கிய, கனத்த ஒலியைக் கேட்கலாம். காயப்பட்ட கைக்கு இந்த இசையின் கனத்தில் பெரும் பங்கு உண்டு. அதே ஆல்பத்தில்தான் 'ஆஃப்டர் ஃபாரெவர்' இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த, அதே பேண்டின் பேஸ் கிட்டார்காரர் கீசர் பட்லர் எழுதியது. கடவுளை நம்புவதைக் கேலி செய்கிறவர்களை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்கிற பாட்டு. சாத்தானின் இசை என்று பெயர் வாங்கிய பேண்டிடமிருந்து வந்தது அது!

அதன் பிறகு பலர் வந்தார்கள். சிகாகோவில் ரெசரக்‌ஷன் பேண்ட் 1978-லேயே கனமான ராக்கில் சுவிசேஷம் பாடியது. அதே வட்டாரத்தின் ட்ரபிள் என்ற பேண்ட், 1984-ல், மெதுவாக நகரும் டூம் மெட்டலில் வேத வசனங்களைப் புகுத்தியது. ஆனாலும் இந்தக் கதையில் நடுநாயகமாக நிற்பது ஸ்ட்ரைப்பர் என்ற பேண்ட்தான். கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்ட்டிக்காரர்கள். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட உடை, அதே பட்டை கிட்டாரிலும் டிரம்ஸிலும். டிரம்மர் ராபர்ட் ஸ்வீட் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து வாசிப்பார், அவர் கையும் காலும் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும் என்று. நிகழ்ச்சியின் நடுவே புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். 1986-ல் வந்த அவர்களுடைய மூன்றாவது வெளியீடு அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதிலிருந்த 'ஆனஸ்ட்லி' என்ற மென்மையான பாட்டு பில்போர்டு பட்டியலில் 23-ம் இடம் வரை ஏறியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிரம்மர் ராபர்ட், பாடகர் மைக்கேல் என்ற ஸ்வீட் சகோதரர்களின் குடும்பம் விசுவாசத்துக்கு வந்தது, ஜிம்மி ஸ்வாகர்ட் என்ற போதகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்து. பிள்ளைகள் பெரிய பேண்டானபோது, அவர்களைக் கண்டித்து உரக்கப் பேசியவர்களில் ஒருவர் அதே ஸ்வாகர்ட். ஒரு பக்கம் சபையார் "இது பிசாசின் இசை" என்றார்கள். மறுபக்கம் மெட்டல் ரசிகர்கள் "இது பிரசங்கம்" என்றார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கியும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் அவர்கள் வீசிய அந்தச் சின்னப் புத்தகங்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஆஸ்திரேலியாவின் மார்ட்டிஃபிகேஷன் என்ற பேண்ட், உறுமும் குரலில் பாடும் டெத் மெட்டல் வாசித்தது. அதன் தலைவர் ஸ்டீவ் ரோ ரத்தப் புற்றுநோயில் விழுந்து, சாவின் விளிம்பு வரை போய் மீண்டார். அந்த அனுபவத்தைத்தான் 1998-ல் 'ட்ரையம்ஃப் ஆஃப் மெர்சி' ஆல்பத்தில் பாடினார். 2006-ல் ஹெல்சின்கியில் லுத்தரன் சபை மெட்டல் ஆராதனையே நடத்தியது. பழைய கீதங்கள், அதே வார்த்தைகள், கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து. நார்வேயின் எக்ஸ்டோல் பேண்டைப் பற்றித் தனியாக ஒரு மாலை முழுக்கப் பேசலாம். இன்று வேண்டாம்.

ஆனால் கிறிஸ்தவ மெட்டல் என்ற பெயரில் வந்ததெல்லாம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் அமெரிக்கக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் அட்டவணை மாட்டி வைத்திருப்பார்கள். "உங்கள் பிள்ளைக்கு இந்த பேண்ட் பிடிக்குமா? அதற்குப் பதில் இந்தக் கிறிஸ்தவ பேண்டை வாங்கிக் கொடுங்கள்" என்று. அந்த அட்டவணைதான் இந்த இசைக்குப் பெரிய கெடுதல் செய்தது. பிரபலமான ஒருவரை அச்சு அசலாகக் காப்பியடித்து, மேலே நாலு வசனத்தைத் தூவிவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது. அப்படி வந்தவை ஏராளம், இன்று கேட்க ஆளில்லை. பாட்டு பாட்டாக நிற்க வேண்டும். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு, நன்றாக இல்லை என்றால் வசனம் வந்து காப்பாற்றாது.

இப்போது 'மொசைக்'குக்கு வருகிறேன்.

தியாக்ரஸி ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரத்து பேண்ட். பேண்ட் என்றா சொன்னேன்? 2003-ல் முதல் ஆல்பம் வந்தபோது அதில் இருந்தது ஒரே ஆள், மேட் ஸ்மித். எழுதியது, பாடியது, கிட்டார், பேஸ் எல்லாம் அவர்தான். டிரம்ஸ் வாசிக்க ஆளில்லாமல் கணினியில் நிரல் செய்து வைத்தார். பத்து வருடம் கழித்து, 2013-ல், நிஜ டிரம்ஸ் சேர்த்து அதே ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார். இந்த மனுஷன் தன் பாட்டுகளை எப்படிப் பார்க்கிறார் என்பது இதிலேயே தெரிந்துவிடும். 2008-ல் வந்த 'மிரர் ஆஃப் சோல்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு மட்டும் 22 நிமிடம். 2016-ல் 'கோஸ்ட் ஷிப்'. அப்புறம் ஏழு வருடம் புது ஆல்பம் எதுவும் வரவில்லை. அந்த ஏழு வருடத்துக்குப் பிறகு வந்தது 'மொசைக்'.

முதலில் குரலைச் சொல்ல வேண்டும். பல்லவி வரும் இடங்களில் ஒரு பெரிய பாடகர் குழு சூழ்ந்து நின்று பாடுவது போல இருக்கும். அந்தக் குழுவும் ஸ்மித்தின் குரல்தான். ஒரே வரியைப் பல முறை பாடி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார். ஒன்று மேல் ஸ்தாயியில், ஒன்று நடுவில், ஒன்று கீழே. நல்ல ஹெட்போனில் கேட்டால் இடது காதில் ஒரு வரிசை, வலது காதில் ஒரு வரிசை, நடுவில் முதன்மைக் குரல் என்று பிரித்துப் பார்க்கலாம். கண்ணாடி போலத் தெளிவான குரல், உறுமல் கிடையாது. மெட்டல் என்றாலே கத்தல் என்று நினைப்பவர்கள் இந்த ஆல்பத்தில் தொடங்குவது நல்லது.

அடுத்தது கால். டிரம்ஸ் வாசிக்கும் எர்னி டோப்ரனின் கால்களைத்தான் சொல்கிறேன். இந்த வகை இசையில் பெரிய பேஸ் டிரம்மை இரண்டு மிதிகளால் இரண்டு காலாலும் மாறி மாறி அடிப்பார்கள். நிமிடத்துக்கு 180 அடி வேகத்தில் ஒரு பாட்டு ஓடுகிறது, ஒவ்வோர் அடிக்குள்ளும் நான்கு உதை விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 12 உதை. ஒரு காலுக்கு ஆறு. நிமிடக்கணக்கில் இப்படியே, ஒன்றுகூடப் பிசகாமல். ஓடும் ரயிலின் அடியில் கேட்கும் தடதடப்பு அது. மேலே பாட்டு நிதானமாக, அகலமாகப் போகும். கீழே இந்த வேகம். அவசரப்படாத மெட்டும் அடங்காத தாளமும் சேரும் அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது. கிட்டாரில் டெய்லர் வாஷிங்டன் வந்து சேர்ந்ததும் பேண்டுக்குப் புது ரத்தம் பாய்ந்திருக்கிறது. தனி வாசிப்புகள் வெறும் விரல் வித்தையாக நிற்காமல் பாட்டோடு சேர்ந்து நகர்கின்றன.

பாட்டுகளின் தலைப்பைப் பாருங்கள். 'ரிட்டர்ன் டு டஸ்ட்'. வேதம் தெரிந்தவர்களுக்கு உடனே ஆதியாகமம் நினைவுக்கு வரும்: "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்." 'லயர், ஃபூல் ஆர் மெசையா' என்று இன்னொன்று: பொய்யனா, முட்டாளா, மேசியாவா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் பிபிசி வானொலியில் பேசியபோது முன்வைத்த வாதத்தின் சாயல் இந்தத் தலைப்பில் இருக்கிறது. இயேசு தன்னைப் பற்றிச் சொன்னது உண்மையா, பொய்யா, புத்தி பேதலிப்பா, நீயே முடிவு செய், வெறும் நல்ல போதகர் என்று சொல்லித் தப்பிக்காதே என்பது அந்த வாதம். ஒரு வேகமான மெட்டல் பாட்டு கேட்பவரை உட்காரவைத்து யோசிக்கச் சொல்கிறது. எத்தனை பக்திப் பாட்டுகள் நம்மிடம் அப்படி ஒரு கேள்வி கேட்கின்றன?

ஆல்பத்தின் உச்சம் கடைசிப் பாட்டு, 'ரெட் சீ'. ஏறத்தாழ 20 நிமிடம். நீளமான பாட்டுகளில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. நாலு பாட்டை ஒட்டவைத்துவிட்டு ஒரே பாட்டு என்பார்கள். இது அப்படி இல்லை. ஒலி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணம் இருக்கிறது. தலைப்பே சிவந்த சமுத்திரம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேல் ஜனத்தின் கதை. பின்னால் சேனை, முன்னால் தண்ணீர். இந்தக் கதையை மூன்று நிமிட மெல்லிசையில் எப்படி அடக்குவது? பயத்துக்கும் இடம் வேண்டும், காத்திருப்பதற்கும் இடம் வேண்டும், கடல் பிளப்பதற்கும் இடம் வேண்டும்.

யாத்திராகமம் 15-ம் அதிகாரத்தில் கரை ஏறியவர்கள் முதலில் செய்தது என்ன? பாடினார்கள். மோசேயின் சகோதரி மிரியாம் தம்புரை எடுத்துக்கொண்டு முன்னே போக, எல்லாப் பெண்களும் தம்புருகளோடும் நடனத்தோடும் பின்னே போனார்கள். "குதிரையையும் குதிரைவீரனையும் கடலிலே தள்ளினார்" என்று அவர்கள் பாடிய வரியை மெட்டல் பாட்டின் வரி என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: 'மொசைக்'கை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள், கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள். பிடித்திருந்தால் பின்னோக்கி 'கோஸ்ட் ஷிப்', 'மிரர் ஆஃப் சோல்ஸ்' என்று போகலாம். கனம் இன்னும் வேண்டும் என்று தோன்றினால் மார்ட்டிஃபிகேஷன், எக்ஸ்டோல். பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம். இவ்வளவு வேகத்தில் வார்த்தைகள் நழுவிவிடும், நழுவ விடக்கூடிய வார்த்தைகள் இல்லை இவை.

இப்போது 'ரெட் சீ'யை முழுதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள். பாட்டு முடிந்ததும் கேள்விகளுக்கு வருவோம்.