ஷார்ஜாவிலேயே நின்றுவிட்ட கார்

நேயர்களுக்கு வணக்கம்.

பதினைந்து ஆண்டு ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு 2021 செப்டம்பரில் புதுக்கோட்டைக்குத் திரும்பியவன் நான். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரப்போகிற தம்பிமார் போனில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, இங்க ஓட்டுற வண்டிய அப்படியே கப்பல்ல ஏத்திக் கொண்டாந்துடலாமா?"

அந்த ஆசை எனக்கும் இருந்தது. என்னிடம் ஒரு வெள்ளைக் கொரோலா, 2016 மாடல். என் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார். என் மகளைப் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கப்பல் ஏஜென்ட் ஒருவர், "முன்பணம் கட்டுங்க, பம்பாய்ல நம்ம ஆள் எல்லாத்தையும் பாத்துக்குவாரு" என்றார். கட்டுவதற்குப் பணத்தையும் எடுத்து வைத்துவிட்டேன்.

தடுத்தவர் ராமநாதபுரத்து பாய் ஒருவர். ஜெபல் அலி துறைமுகத்தில் கிளியரிங் வேலையிலேயே தலை நரைத்தவர். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "தம்பி, ஸ்டியரிங் எந்தப் பக்கம்? வண்டி செஞ்சு எத்தனை வருஷம்?" இடது பக்கம், ஐந்து வருஷம் என்றேன். "அப்ப இத வித்துட்டு ஊருக்குப் போங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் விதி. இந்தியாவுக்குள் பழைய காரை இறக்குமதி செய்ய வேண்டுமானால், அது தயாரான தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். ஹெட்லைட் வெளிச்சம் நம்மைப் போல இடது பக்கம் போகும் சாலைக்கு ஏற்றதாக விழ வேண்டும். இறக்குவதும் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான். அமீரகத்தில் ஓடும் கார்கள் இடது ஸ்டியரிங் கார்கள், அதனால் முதல் படியிலேயே கதை முடிந்துவிடுகிறது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்டியரிங் பொருந்தும், ஆனால் அங்கே மூன்று வருஷத்துக்கு உட்பட்ட காரை விட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்?

எல்லாம் பொருந்தினாலும் வரி இருக்கிறது. நான் கணக்குப் பார்த்தபோது பழைய காருக்கு அடிப்படைச் சுங்க வரி மட்டுமே 125 சதவீதம். அதன்மேல் கூடுதல் வரி, அதன்மேல் ஜி.எஸ்.டி. பத்து லட்சம் மதிப்புள்ள காருக்கு இருபது லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. வீதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். காரின் விலையைவிட வரி பெரிது என்பது மட்டும் மாறியதில்லை. குடிபெயர்ந்து வருகிறவர்களுக்கு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற வீட்டுச் சாமான்களில் சலுகை உண்டு. மோட்டார் வாகனம் அந்தச் சலுகையில் சேராது. முன்னொரு காலத்தில் கார் கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு இன்றைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

துபாய் நம்பர் பிளேட்டோடு கேரளாவில் வண்டி ஓடுகிறதே என்று சிலர் கேட்பார்கள். அது 'கார்னே' என்ற தற்காலிக அனுமதி. வங்கி உத்தரவாதம் கொடுத்து, சுற்றுலாவுக்காக ஆறு மாதம் வரை கொண்டு வந்து ஓட்டிவிட்டு, வண்டியைத் திரும்ப எடுத்துப் போய்விட வேண்டும். ஊரிலேயே தங்கப்போகிறவர்களுக்கு அது உதவாது. குறுக்கு வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் பெரிய சோதனை நடத்தியது. பூட்டான் வழியாக வரி கட்டாமல் வந்து, இங்கே பதிவெண் வாங்கியதாகச் சொல்லப்பட்ட கார்களை வீடு வீடாகப் போய் எடுத்தார்கள். கையில் ஆர்.சி. புக் இருந்தும் வண்டி போயிற்று.

சரி, கார் அங்கேயே இருக்கட்டும். விசாவை ரத்து செய்வதற்கு முன்பே விற்றுவிடுங்கள். அபராத பாக்கியைக் கட்டி, வங்கிக் கடனை முடித்து, முல்கியாவை, அதாவது அந்த ஊர் ஆர்.சி.யை, பெயர் மாற்றிக் கொடுக்க எப்படியும் நாளாகும். அப்புறம் ஒரே ஒரு தாளை மட்டும் மறக்காமல் வாங்கி வாருங்கள். இத்தனை ஆண்டு இன்சூரன்ஸில் இழப்பீடு எதுவும் கேட்கவில்லை என்று அந்த நிறுவனம் தரும் கடிதம். நோ கிளெய்ம் போனஸ் என்போமே, வெளிநாட்டில் சேர்த்த அந்தச் சலுகையை, அந்த பாலிசி முடிந்து மூன்று ஆண்டுக்குள் இங்கே எடுக்கும் பாலிசியில் கேட்டுப் பெற நம் மோட்டார் இன்சூரன்ஸ் விதியில் இடம் உண்டு. நாமாகக் கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். இழப்பீடு கேட்காமல் ஐந்து ஆண்டு ஆனவர்களுக்கு, நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி குறையும்.

இப்போது லைசென்ஸுக்கு வருகிறேன். நான் சறுக்கிய இடம் அதுதான். 1999-இல் புதுக்கோட்டையில் எடுத்த லைசென்ஸ், இருபது ஆண்டுக்குச் செல்லும். 2019-இல் அது முடிந்ததே எனக்குத் தெரியாது. அங்கே அமீரக லைசென்ஸ்தானே பர்ஸில் இருக்கும்! முன்பெல்லாம் காலாவதியான பிறகும் முப்பது நாள் சலுகை இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடியும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். இருபத்து மூன்று வயதில் செய்ததை நாற்பத்தைந்து வயதில் திரும்பச் செய்தேன். வெளிநாட்டு லைசென்ஸ் கையில் இருந்தால், மருத்துவச் சான்றோடு, ஓட்டிக் காட்டாமலே இங்கே லைசென்ஸ் கேட்க அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவில் வழி இருப்பதைப் பிறகுதான் படித்தேன். அமீரக லைசென்ஸ் உயிரோடு இருக்கும்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கேளுங்கள். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு 1-ஏ படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும். லைசென்ஸில் பதிந்த பழைய போன் நம்பர் செத்துப்போயிருந்தால் ஓ.டி.பி. வராது, முதலில் அதை மாற்றுங்கள்.

காலாவதியான லைசென்ஸோடு ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம் என்று எல்லோருக்கும் தெரியும். என் பயம் அதைப் பற்றியல்ல. ஒரு விபத்து நடந்து ஒருவர் அடிபட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் அவருக்கான இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்று வண்டியின் சொந்தக்காரரிடமிருந்து அந்தத் தொகையைத் திரும்ப வசூலிக்க முடியும். பாலைவனத்து வெயிலில் சேர்த்த பணம் முழுவதும் ஒரே தீர்ப்பில் போய்விடும்.

அப்பா வீட்டு ஷெட்டில் நிற்கும் பழைய காரை எடுத்து ஓட்ட நினைப்பவர்கள், பதிவு செய்து பதினைந்து ஆண்டு ஆகிவிட்டதா என்று ஆர்.சி.யைப் பாருங்கள். ஆகியிருந்தால் பதிவைப் புதுப்பிக்காமல் தெருவில் இறக்கக் கூடாது. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் அப்படித்தான்.

காகிதம் எல்லாம் சரியான பிறகும் கையும் கண்ணும் ஊருக்கு வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகிறது. முதல் வாரம் நான் இண்டிகேட்டர் போட நினைத்தபோதெல்லாம் வைப்பர்தான் ஓடியது. இங்கே நாம் வாங்கும் பல கார்களில் அந்தக் குச்சிகள் பக்கம் மாறியிருக்கின்றன. ரவுண்டானாவை அங்கே சுற்றும் திசை வேறு, இங்கே சுற்றும் திசை வேறு. வண்டியின் அகலம் அங்கே வலது கைப்பக்கம், இங்கே இடது கைப்பக்கம். இடது கண்ணாடி எத்தனை பைக் ஹேண்டில்பாரைத் தொட்டிருக்கும் என்று நினைத்தாலே மனம் கூசுகிறது. கியரும் இடது கையில்.

நெரிசலில் பிரச்சினை இல்லை, முன்னால் போகும் வண்டி வழிகாட்டிவிடும். ஆபத்து காலியான சாலையில்தான். ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணி, திருச்சி சாலையில் ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து வலது பக்கம் திரும்பினேன். அமீரகத்தில் வலது திருப்பம் சின்னத் திருப்பம், ஓரத்தை ஒட்டியே போய்விடலாம். நம் ஊரில் அது பெரிய திருப்பம், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்துக்குப் போக வேண்டும். பதினைந்து வருஷப் பழக்கத்தில் நான் ஓரத்தை ஒட்டித் திரும்பிவிட்டேன். "என்னங்க, எந்தப் பக்கம் போறீங்க?" என்று மனைவி கத்தியபோது, எதிரே பால் வேனின் இரண்டு விளக்கும் நேராக எங்கள் மேல் விழுந்தன. அந்த டிரைவர் தம்பி சட்டென்று மண்ணில் இறக்கியதால் இன்று உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் பத்து நாள் வகுப்புக்குச் சேர்ந்தேன். பக்கத்து சீட்டிலும் பிரேக் இருக்கும் வண்டி. சொல்லிக்கொடுத்த பையனுக்கு என் லைசென்ஸை விட வயது குறைவு. "சார், திரும்பும்போதெல்லாம் 'நான் நடுக்கோட்டுப் பக்கம்'னு வாய்விட்டுச் சொல்லுங்க" என்றான். ஓட்டுகிறவர் எப்போதும் சாலையின் நடுவை ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும், அது எந்த நாட்டுக்கும் பொருந்தும். இரண்டு மாதம் அப்படியே சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வீட்டில் அடுத்த சில மாதங்களில் ஊர் திரும்பப்போகிற மகனோ மருமகனோ இருந்தால், இன்று இரவு போனில் பேசும்போது அவருடைய இந்திய லைசென்ஸை எடுத்து, அதிலுள்ள கடைசித் தேதியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வணக்கம்.