மலை மேல ஒரு கொலைக்கதை எடுக்கணும்னா

(கோத்தகிரியில குறும்படம் எடுக்கற பசங்க கூடின ஒரு கூட்டத்துல பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இந்தக் குளிர்ல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கடைசி பஸ் போயிடுமோன்னு பார்த்துக்கிட்டே இத்தன பேரு வந்து உக்காந்திருக்கீங்க, கூடலூர்ல இருந்து கூட வந்திருக்காங்கன்னு சொன்னாங்க, ரொம்ப சந்தோஷம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

சின்ன பட்ஜெட் கிரைம் த்ரில்லரோட பலம் என்ன பலவீனம் என்னன்னு பேசச் சொல்லியிருக்காங்க. எனக்குப் பட்டது இதுதான். காசில்லாதவன் எடுக்கற கிரைம் படத்துகிட்ட பெரிய கம்பெனியால விலை குடுத்து வாங்க முடியாத சொத்து ஒண்ணு இருக்கு, தான் பொறந்து வளர்ந்த எடத்தப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சது. நம்ம பசங்க மொதல்ல தூக்கிப் போடறதே அதத்தான். போட்டுட்டு, பெரிய படம் மாதிரி தெரியணும்னு ட்ரோன் வாடகைக்கு எடுக்கறாங்க.

கிரைம் கதைக்கும் காசில்லாத படத்துக்கும் நல்ல பொருத்தம்ங்க. சரித்திரப் படம்னா கோட்டை வேணும், குதிரை வேணும். கிரைமுக்கு ஒரு கேள்வி போதும். யாரு செஞ்சா, எதுக்கு செஞ்சா, மாட்டுவானா தப்பிப்பானா, இதுல ஏதாவது ஒண்ண பார்க்கறவங்க மனசுல ஏத்திட்டா ஒரு ரூம்ல நாலு பேரு உக்காந்து பேசறதையும் கண்ணெடுக்காம பார்ப்பாங்க. 1954லயே 'அந்த நாள்' வந்துச்சு, எடுத்தது ஏவிஎம், சின்ன கம்பெனி இல்ல, ஆனா ஒரு பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, செத்தவன யாரு கொன்னாங்கற கேள்வி மட்டும்தான் படத்த இழுத்துட்டுப் போகுது. 1992ல வந்த 'ரிசர்வாயர் டாக்ஸ்' வைரக் கொள்ளைக் கதை, அதுல கொள்ளைய காட்டவே மாட்டாங்க, முன்னாடி நடந்தது வரும், பின்னாடி நடந்தது வரும், பெரும்பகுதி ஒரு குடோனுக்குள்ள, ஆனா அந்தக் கொள்ளை எப்படி சொதப்புச்சுன்னு நம்ம மண்டைக்குள்ள முழுசா ஓடிடும். காட்ட காசு இல்லேன்னா காட்டாம விடறதுலயே ஒரு பிடி இருக்கு, கிரைம் கதைக்கு அது நல்லாவே ஒத்துவரும்.

இன்னொண்ணு சொல்றேன். 'பாலோயிங்'னு 1998ல வந்த படம், கிறிஸ்டோபர் நோலன் எடுத்த மொத முழு நீளப் படம், சுமார் 6000 டாலர்ல 16 எம்எம் கருப்பு வெள்ளையில எடுத்தது, நடிச்சவங்க எல்லாம் வேலைக்குப் போறவங்க, அதனால சனிக்கிழமை சனிக்கிழமையா ஒரு வருஷம் போல எடுத்தாங்க. ஃபிலிம் செலவு தாங்காதுங்கறதால நாடகம் மாதிரி ரிகர்சல் பார்த்துட்டு ஒரு டேக்கு, மிஞ்சிப்போனா ரெண்டு டேக்குல முடிச்சாங்க. 16 எம்எம்ல 400 அடி ரோல் ஓடறது 11 நிமிஷம், அவ்வளவுதான். நம்ம ஊட்டி இந்து நகர்ல ஹெச்பிஎஃப், அதான் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், இருந்துச்சே, 1967ல உற்பத்தி ஆரம்பிச்ச ஃபிலிம் ஃபேக்டரி, இங்க பாதிப் பேரோட அப்பாவோ தாத்தாவோ அதுல வேலை பார்த்திருப்பாங்க, ஃபிலிம்னா என்ன விலை, ஒரு அடி வீணாப்போனா என்ன ஆகும்னு அவங்கள கேட்டா சொல்லுவாங்க. இன்னைக்கு மெமரி கார்டுல எவ்வளவு வேணா எடுக்கலாம், அதனால ரிகர்சலே பார்க்கறதில்ல, கேமராவ ஓடவிட்டுட்டு நடிகன் வசனம் மனப்பாடம் பண்ணிட்டிருக்கான். எடிட்டிங் டேபிள்ல வந்து உக்காந்தா நாப்பது டேக் இருக்கும், நாப்பதுலயும் அவன் அடுத்த வரிய யோசிக்கறது தான் முகத்துல தெரியும். எடிட் பண்ற என்னைய மாதிரி ஆளுங்களுக்கு இத விட வருத்தமான விஷயம் கிடையாது.

ஒரு சீன கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1984ல வந்த 'பிளட் சிம்பிள்', கோயன் சகோதரர்களோட மொத படம், மொதல்ல ஒரு ட்ரெய்லர மட்டும் எடுத்து, அதப் போட்டுக் காட்டி பல பேருகிட்ட கொஞ்சம் கொஞ்சமா பணம் திரட்டி எடுத்தது. அதுல ஒருத்தன் ராத்திரி பாருக்குள்ள வர்றான், முதலாளி ரத்தத்துல கெடக்கறான். தனக்கு வேண்டிய பொண்ணு தான் சுட்டுட்டான்னு நெனச்சு இவன் எல்லாத்தையும் மறைக்கப் பார்க்கறான். ரத்தத்த தொடைக்க கையில கெடச்சது தன்னோட ஜாக்கெட்டு, அது நைலான் மாதிரி துணி, ரத்தத்த உறிஞ்ச மாட்டேங்குது, தொடைக்கத் தொடைக்க பரவுது, தூக்கினா சொட்டுது. பொணத்த கார்ல போட்டுட்டுப் போறான், வழியில பார்த்தா அந்தாளு சாகல. அப்புறம் அந்த முதலாளி ரோட்டுல ஊர்ந்து போறான், எதிர்ல லாரி வெளிச்சம், கடைசியில இவன் அவன வயக்காட்டுல குழி வெட்டி உயிரோட போட்டு மண்ணத் தள்றான். இத்தனைக்கும் வசனமே இல்லேன்னு சொல்லலாம். செலவுக் கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு ஜாக்கெட், ஒரு கார், ஒரு மண்வெட்டி, ஒரு வயக்காடு. அந்தத் துணி ரத்தத்த உறிஞ்சாதுன்னு எழுதும்போதே ஒருத்தன் யோசிச்சிருக்கான் பாருங்க, அதுக்கு காசு வேண்டியதில்ல, கொலைய மறைக்கறது உடம்பால செய்யற வேலை, கஷ்டமான அசிங்கமான வேலைன்னு உக்காந்து நெனச்சுப் பார்க்கணும், அவ்வளவுதான்.

தமிழ்ல 2016ல வந்த 'குற்றமே தண்டனை'ய எடுத்துக்கங்க. நாயகனுக்கு பார்வைக் குறைபாடு, நடுவுல மட்டும்தான் தெரியும், ஓரம் தெரியாது, ஆபரேஷனுக்கு பணம் வேணும், பக்கத்துல ஒரு கொலை நடந்ததுக்கு இவன் சாட்சி. அவனுக்கு எவ்வளவு தெரியுதோ அவ்வளவுதான் நமக்கும்னு அந்த வட்டத்தையே ஸ்கிரீன்ல காட்டிடுவாங்க, பாட்டும் இல்ல. குறைய கதையாவே மாத்தினதுக்கு தமிழ்ல இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

சரி, பலவீனத்துக்கு வருவோம், இங்க கொஞ்சம் கடுமையாவே பேசுவேன், பொறுத்துக்கங்க. 'துருவங்கள் பதினாறு' 2016 கடைசியில வந்து ஓடினதுக்கு அப்புறம், கோயம்புத்தூர வச்சு நடக்கற கதை, ரொம்ப சின்ன வயசுப் பையன் எடுத்த படம், எல்லாருக்கும் நம்பிக்கை குடுத்த படம், அதுக்கு அப்புறம் எனக்கு வர்ற ஸ்கிரிப்ட்ல முக்காவாசி முன்னுக்குப் பின்னா வெட்டி ஒட்டினதா இருக்கு, கடைசி இருபது நிமிஷத்துல ஒருத்தர் சேர்ல உக்காந்து அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமான்னு ஆரம்பிப்பாரு, அதுக்குள்ள மூணு ட்விஸ்ட். ட்விஸ்ட் வேணாம்னு சொல்லல. பார்க்கறவங்க முன்னாடியே பார்த்த ஒரு பொருளுக்கு கடைசியில வேற அர்த்தம் வரணும், அப்பத்தான் அது ட்விஸ்ட். அவங்களுக்கு காட்டாமலே ஒளிச்சு வச்ச ஆள கடைசியில கூட்டிட்டு வந்து நிறுத்தினா அது ஏமாத்து. டிக்கெட் எடுத்து வந்தவங்கள ஏமாத்தக்கூடாது.

கொலகாரன் யாருன்னா சைக்கோ. ஏன் செஞ்சான்னா சைக்கோ. காரணம் யோசிக்க சோம்பல்பட்டு மனநோய் இருக்கறவங்க தலையில போடறோம், இது பெரிய அநியாயம். செத்துக் கெடக்கறது மட்டும்தான் பொம்பளைக்கு ரோல்னு இருக்கறதும் அப்படித்தான், படம் முழுக்க அந்தப் பொண்ணோட போட்டோ சுவத்துல ஒட்டியிருக்கும், அவ என்ன வேலை பார்த்தா, யாருகிட்ட கடன் வாங்கினா, எதுக்கு சிரிப்பான்னு ஒண்ணும் தெரியாது.

போலீஸ் வேலைய யாரும் கேட்டுத் தெரிஞ்சுக்கறதே இல்ல. சந்தேகச் சாவுன்னா பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 174வது பிரிவுன்னு இன்னமும் வசனம் எழுதறாங்க, 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டம் வந்தாச்சு, இப்ப அது 194வது பிரிவு. நடுராத்திரி போஸ்ட்மார்ட்டம் சீன் வைக்கறாங்க, 2021 நவம்பர்ல ராத்திரியும் பண்ணலாம்னு மத்திய அரசு சொன்னது வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்கு, அதுலயும் கொலை, தற்கொலை, சந்தேகச் சாவுக்கெல்லாம் சட்டம் ஒழுங்கு பிரச்சனைன்னு இருந்தாத்தான். அப்ப பொணம் விடியற வரைக்கும் மார்ச்சுவரியில கெடக்கணும், வெளியில சொந்தக்காரங்க கம்பளியப் போத்திட்டு காத்திருப்பாங்க, டீக்கடைக்காரன் அடுப்ப பத்த வைப்பான், சந்தேகப்பட வேண்டிய ஆளே அந்தக் கூட்டத்துல நின்னு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுப்பான். சட்டப்படி சரியா எழுதினதால எவ்வளவு நல்ல சீன் கெடைக்குது பாருங்க. ரிட்டயர்டு ஏட்டு ஒருத்தர தேடிப் போய் அரை நாள் பேசுங்க, அது போதும்.

எல்லாத்த விட பெரிய பலவீனம் சவுண்டு. படம் கொஞ்சம் இருட்டா இருந்தா ஜனங்க மன்னிச்சிருவாங்க, வசனம் கேக்கலேன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க. நம்மாளுங்க கேமரா மேல இருக்கற மைக்குல பைலட், அதாவது டப்பிங்ல கேட்டுப் பேசறதுக்கான சவுண்டு மட்டும், எடுத்துட்டு அப்புறம் டப்பிங்ல பார்த்துக்கலாம்னு வர்றாங்க, டப்பிங்கு காசு தீர்ந்திருக்கும், யாரோ வீட்டு ரூம்ல போர்வைய தொங்கவிட்டு பேசவச்சா எஸ்டேட் நடுவுல நிக்கற ஆளு அலமாரிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். அத மறைக்க பிஜிஎம். மொத நிமிஷத்துல இருந்து கடைசி வரைக்கும் டும் டும்னு அடிச்சா பயம் எப்படி வரும்? கேட்டுக்கிட்டே இருந்த ஒரு சத்தம் திடீர்னு நின்னா பயம் வரும். நம்ம ஊருல அதுக்கு என்ன குறைச்சல்? டீ ஃபேக்டரியில பச்சை இலைய வாட்டற நீளத் தொட்டிக்கு, ட்ரஃப்னு சொல்லுவோமே, அதுக்கு காத்தடிக்கற ஃபேன் ராத்திரி முழுக்க ஓடும், பக்கத்துல தொழிலாளிங்க இருக்கற லைன் வீடுகள்ல அந்த சத்தத்துலயே தூங்கி அதுலயே எந்திரிப்பாங்க. ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அது நின்னுருச்சுன்னு வச்சுக்கங்க, வீட்டுக்கு வீடு லைட்டு எரியும். இத மெட்ராஸ்ல இருந்து வர்றவர் எழுத மாட்டார், அவருக்குத் தெரியாது.

வெளியூர்ல இருந்து எடுக்க வர்றவங்களுக்கு ஊட்டின்னா மூடுபனி, பங்களா, ஃபயர் பிளேஸ், புருஷன் பொண்டாட்டி, அப்புறம் பொணம். நம்மள்ல ஒரு ஆள் படத்துல உண்டுன்னா வாட்ச்மேன், அவரும் கம்பளி போர்த்திட்டு, அங்க போகாதீங்க சாமின்னு சொல்லிட்டு செத்துப்போவாரு. அவங்கள திட்டி என்ன பண்றது, நீங்களும் அதையே எடுக்கறீங்களேங்கறது தான் எனக்கு ஆதங்கம்.

இங்க ஒரு குத்தம் நடந்தா எப்படி இருக்கும்னு மட்டும் யோசிங்க. கீழ எறங்க ரோடே கொஞ்சம்தான், குன்னூர் வழியா ஒண்ணு, நம்ம கோத்தகிரி வழியா ஒண்ணு, மஞ்சூர் கெத்தை வழி, கல்லட்டி, கூடலூர். மைசூர் பக்கம் தப்பிக்கணும்னா பந்திப்பூர்ல ராத்திரி 9 மணிக்கு கேட்ட மூடினா காலையில 6 மணிக்குத்தான், 2009ல இருந்து அப்படித்தான் இருக்கு. ஒன்பதே காலுக்கு கேட்டுல வந்து நிக்கற கார், பின்னாடி டிக்கியில என்னமோ இருக்கு, விடியற வரைக்கும் லாரிக்காரங்களோட அங்கயே நிக்கணும், இது ஒரு முழுப் படம்ங்க. 2024 மே 7ல இருந்து மலைக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ், வெளியூர் வண்டி எப்ப வந்துச்சுன்னு பதிவு இருக்கும், நம்ம நீலகிரி வண்டி, டிஎன் 43 நம்பருக்கு பாஸ் வேணாம். அப்ப இன்ஸ்பெக்டர் பட்டியல்ல இருக்கற ஆளுங்களையே தேடிட்டிருப்பாரு, செஞ்சவன் பட்டியல்லயே வரமாட்டான். கரடி வருதான்னு பார்க்க வச்ச சிசிடிவி இருக்கு நம்ம ஊருல பாதி வீட்டுல, கரடி வீடியோன்னு வாட்ஸ்அப்ல சுத்தும், எல்லாரும் கரடியவே பார்ப்பாங்க, பின்னாடி இலை மூட்டையோட கடந்து போற ஆள ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டாங்க. படத்தோட மொத சீன்லயே அத வெளிப்படையா காட்டிடலாம், நான் சொன்ன நேர்மையான ட்விஸ்ட் அதுதான்.

காரணத்துக்கும் பஞ்சம் இல்ல. டீ இலை எடையில அடிக்கற கழிவு, ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்துல யாருக்குன்னு முடிவாகாம நிக்கற கூடலூர் செக்‌ஷன் 17 நிலத்துல பட்டா இல்லாம ரெண்டு தலைமுறையா வாழற குடும்பங்க, ரிசார்ட்டுக்கு கைமாறின தோட்டம், சிலோன்ல இருந்து வந்தப்ப குடுத்த ஒரே ஒரு தாள பெட்டியில பத்திரமா வச்சிருக்கற பாட்டி. இதுல எதுக்கும் சைக்கோ தேவையில்ல, நல்ல மனுஷனே ஒரு நாள் தப்பு பண்ணிருவான். 'ஆரண்ய காண்டம்' 2011ல தியேட்டர்ல ஓடல, ஆனா டைரக்டரோட சிறந்த மொத படம்னும் எடிட்டிங்குக்கும் தேசிய விருது வந்துச்சு, இன்னைக்கும் எடுத்துப் போட்டுப் பார்க்கறாங்க, அதுல வர்ற வடசென்னை வேற எங்கயும் கொண்டுபோய் வைக்க முடியாத எடம். கோத்தகிரிக்கு அப்படி ஒரு படம் இன்னும் வரலேங்கறது எனக்கு பொறுக்கல.

எடுக்கும்போது பனிய நம்பாதீங்க. காலையில பாதி சீன் எடுத்து வச்சிருப்பீங்க, மத்தியானம் மேகம் எறங்கினா மீதி ஒட்டாது. ஒரு சீன காலையில ஆரம்பிச்சு காலையிலயே முடிங்க, மத்தியானத்துக்கு வீட்டுக்குள்ள நடக்கற சீன வச்சுக்கங்க. கூடலூர் பக்கம் ஆடி மாசம் மழையில போகாதீங்க, நம்ம பக்கம் ஐப்பசி மழையில மாட்டிக்காதீங்க. ஜெனரேட்டர் வண்டி எஸ்டேட் ரோட்டுல ஏறாது, அதனால இருக்கற லைட்டுல எழுதுங்க, டீக்கடை பல்பு, பைக் ஹெட்லைட்டு, செல்போன் டார்ச்சு.

முன்னாடி உக்காந்திருக்கற தங்கச்சி ஒரு சீட்டு குடுத்து அனுப்பியிருக்கு, கையில முப்பதாயிரம் இருந்தா எந்த கேமரா வாங்கலாம்னு. கேமரா வாங்காதம்மா, ஃப்ரெண்டு போன வாங்கி எடு. நல்ல பூம் மைக் ஒண்ணு, ஒரு ரெக்கார்டர், இங்க அடிக்கற காத்துக்கு மைக்குக்கு முடி வச்ச கவர் ஒண்ணு, வாங்க முடியலேன்னா நாள் வாடகைக்கு எடு. எந்த எடத்துல எடுத்தாலும் யாரும் பேசாம ஒரு நிமிஷம் அந்த எடத்தோட சத்தத்த மட்டும் தனியா ரெக்கார்டு பண்ணிக்கோ, எடிட்டிங்ல அது எவ்வளவு உதவும்னு அப்பத் தெரியும். மிச்ச காசுல வந்து வேலை செய்யறவங்களுக்கு வேளைக்கு சூடா சோறு போடு. ஸ்கிரிப்ட் கையில இருந்தா கூட்டம் முடிஞ்சதும் எங்கிட்ட குடு, நான் கீழ போறது நாளைக்கு காலையில தான், ராத்திரி படிச்சுட்டு பென்சில்ல குறிச்சுத் தர்றேன். வேற யாருகிட்டயாவது இருந்தாலும் கொண்டாங்க.