கருந்துளையைச் சுற்றும் வாயு: அகச்சிவப்பில் தெரிவது என்ன?

(திரையில்: எம்77-இன் முழுப்படம், மெல்ல மையத்தை நெருங்குகிறது)

சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் எம்77 என்ற கேலக்ஸி (விண்மீன் திரள்) இது. என்ஜிசி 1068 என்றும் சொல்வார்கள். நடுவில் ஒரு பெருங்கருந்துளை வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதை நேராகப் பார்க்க விடாமல் தூசு மறைக்கிறது. ஆனால் அகச்சிவப்பு ஒளி அந்தத் தூசுக்குள் ஓரளவு புகுந்து வந்துவிடும்.

சரி, எதைத் தேடுவது? ஹைட்ரஜன் மூலக்கூறை. அங்கே அதுதான் ஏராளம், ஆனால் லேசில் கண்ணில் படாது. இரண்டு அணுக்களும் ஒரே மாதிரி என்பதால் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்வதில்லை. குளிர்ந்து கிடந்தால் ஏறக்குறைய ஒளியே விடாது. 2000 கெல்வின் அளவுக்குச் சூடேறினால்தான் நிறமாலையில், அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த படத்தில், 2.12 மைக்ரான் அலைநீளத்தில் பளிச்சென்று ஒரு கோடு.

(திரையில்: நிறமாலை, 2.13 மைக்ரானில் ஒரு கூர்முனை)

2.12 என்றேன், முனை 2.13-இல் நிற்கிறதே? எம்77 நம்மைவிட்டு நொடிக்கு 1,100 கி.மீ.க்கு மேல் விலகிப் போகிறது. அதனால் கோடு நகர்ந்திருக்கிறது. இந்த மொத்த நகர்வைக் கழித்தால் மிஞ்சுவது வாயுவின் சொந்த ஓட்டம். நொடிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் கோடு 0.0007 மைக்ரான்தான் நகரும்!

சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியின் சின்ஃபோனி கருவி, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறமாலை எடுத்துக் கொடுத்தது. அதை வைத்து, வாயு ஓடைபோல மையத்தை நோக்கிப் பாய்கிறது என்று 2009-இல் ஓர் ஆய்வுக்குழு சொன்னது.

இங்கேதான் சிக்கல். டாப்ளர் விளைவு, அதாவது ஓட்டத்தால் கோடு இப்படி நகர்வது, வாயு நம் பக்கம் வருகிறதா விலகுகிறதா என்பதை மட்டுமே சொல்லும். நம்மை நோக்கி வரும் வாயு, மையத்துக்கு இந்தப் பக்கம் இருந்தால் வெளியே போகிறது. அந்தப் பக்கம் இருந்தால் உள்ளே விழுகிறது. கோடு இரண்டுக்கும் ஒன்றுதான். எது முன்னால், எது பின்னால் என்பதைப் பிடிக்கத்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அப்புறம், சூடேற்றியது யார்? 2.25 மைக்ரானில் இன்னொரு கோடு உண்டு. அதன் பிரகாசம் 2.12 மைக்ரான் கோட்டின் பிரகாசத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிர்ச்சி அலை போன்ற வெப்பம் காரணம்; பாதியளவு இருந்தால் புற ஊதா ஒளி.

இதெல்லாம் கொதிக்கும் மேல்தோல்தான், மொத்த வாயுவில் சிறு துளி. சில நூறு கெல்வினில் இருக்கும் வாயுவுக்கு 17 மைக்ரான் கோட்டைப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மிரி கருவிக்கு அது எட்டும்.