டியூன் நான்காம் நாவல்: பாதியில் மூடுபவர்களும் மறுபடி வாசிப்பவர்களும்

[திரையில்: முட்டம் கடற்கரை, செம்மணல் மேடுகள்]

வணக்கம். ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய டியூன் அறிவியல் புனைகதை நாவல் வரிசையை வாசித்தவர்கள் நாலு பேர் கூடினால், நான்காவது புத்தகத்தில்தான் பேச்சு சண்டையாகும். நாகர்கோவிலில் கூடிப் பேசும் எங்கள் நண்பர்களிடமும் இதே கதைதான். 2021, 2024-ல் வந்த படங்களைப் பார்த்துவிட்டு முதல் நாவலை வாங்கினவர்கள் எங்களில் நிறைய. மூன்றாவது வரை வந்துவிடுகிறார்கள். 1981-ல் வெளிவந்த ‘காட் எம்பெரர் ஆஃப் டியூன்’ கையில் எடுத்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள்.

“ஒண்ணும் நடக்கவே மாட்டேங்கு மக்கா, பூரா பேச்சுதான்” என்கிறார் குலசேகரத்து நண்பர். மார்த்தாண்டத்தில் இருக்கும் ஓர் அக்காவுக்கோ வரிசையிலேயே இதுதான் உச்சம். நான் அக்கா பக்கம். ஏன் என்று சொல்கிறேன். கதையின் முடிவும் இதில் வரும், இன்னும் வாசிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: கதைக்காலத்தைக் காட்டும் நீண்ட கோடு]

மூன்றாவது நாவலுக்குப் பிறகு சுமார் 3500 ஆண்டுகள் ஓடிவிட்டன. முதல் நாவலின் நாயகன் பால் அட்ரெய்டிஸின் மகன் இரண்டாம் லெட்டோ இன்னும் ஆள்கிறான். மணற்புழுவின் குஞ்சுகளான மணல் மீன்களை உடம்போடு சேர்த்துக்கொண்டு பாதி மனிதன், பாதி மணற்புழு ஆகிவிட்டான். ஒரு காலத்தில் பாலைவனமாக இருந்த அர்ராக்கிஸ் கிரகம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. ஈரம் ஏறியதால் பெரும்புழுக்கள் அழிந்தன. புழு இல்லாமல் மசாலா இல்லை; விண்கலம் ஓட்டுபவர்களுக்கு வழி தெரியவைக்கும் போதைப்பொருள் அது. மிச்சமிருக்கும் கையிருப்பு லெட்டோவிடம். மசாலா இல்லாமல் விண்கலம் வழி கண்டு போகாது, ஆகவே போரும் இல்லை. அவன் வேண்டுமென்றேதான் மனிதகுலத்தை இப்படி அடக்கி வைத்திருக்கிறான். தான் செத்த பிறகு எல்லோரும் திசைக்கொன்றாகச் சிதறிப்போக வேண்டும், இனி எந்த ஒருவனும் மொத்தப் பேரையும் ஆளவோ அழிக்கவோ முடியாமல் ஆக வேண்டும் என்பது அவன் கணக்கு.

“ஒன்றும் நடக்கவில்லை” என்ற புகார் முழுக்கச் சரியில்லை. தொடக்கத்திலேயே சியோனா என்ற பெண்ணையும் கூட்டாளிகளையும் காட்டுக்குள் ஓநாய்கள் துரத்துகின்றன. அவள் மட்டும் தப்புகிறாள். ஆனால் அப்புறம் நீளமான உரையாடல்கள்தான். லெட்டோ பேசுவான், அவன் உதவியாளன் மோனியோ நடுங்குவான், டங்கன் ஐடஹோ கோபப்படுவான்.

அந்த டங்கனைக் கவனியுங்கள். முதல் நாவலில் அட்ரெய்டிஸ் குடும்பத்துக்காகச் செத்தவனை மறுபடி மறுபடி உயிராக்கிக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவன் தேடுவது பழைய பாலைவனத்தையும் பழைய எஜமானர்களையும். எதுவும் அங்கே இல்லை. முதல் நாவலைத் தேடி நான்காவதைத் திறக்கும் வாசகரின் கோபத்தை ஃபிராங்க் ஹெர்பர்ட் புத்தகத்துக்குள்ளேயே ஒரு பாத்திரமாக நடமாட விட்டிருக்கிறார். இந்தக் கோபமும் புதிதில்லை. முதல் நாவலைத் தன் பத்திரிகையில் தொடராக வெளியிட்ட ஜான் கேம்பல், 1969-ல் வந்த இரண்டாவதை வேண்டாம் என்றுவிட்டார். நாயகன் நாயகனாகவே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அன்றே உடைந்துவிட்டது.

[திரையில்: பனைமரங்கள், காலிக் கலயம்]

என்னை இந்த நாவலில் பிடித்து நிறுத்தியது அருங்காட்சியக ஃப்ரெமென்கள். ஒரு காலத்தில் பேரரசையே நடுங்க வைத்த பாலைவன மக்களின் வாரிசுகள் இவர்கள். இப்போது பழைய உடை, பழைய சடங்கு எல்லாவற்றையும் வருகிறவர்களுக்கு நடித்துக் காட்டுகிறார்கள். பெயர் இருக்கிறது, சடங்கு இருக்கிறது. அந்தச் சடங்கைப் பெற்றெடுத்த தாகம் இல்லை.

நம் மாவட்டத்தில் அக்கானியும் (பதநீர்) கருப்பட்டியும் வீட்டுக்கு வீடு இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். பனையேற்றம் தெரிந்தவர்கள் இன்று அருகிவிட்டார்கள். பாளை சீவும் கை பழக்கத்தில் வருவது, சொல்லிக்கொடுத்து வராது. அந்தத் தொழிலின் கஷ்டத்திலிருந்து பிள்ளைகள் வெளியே வந்தது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடவே ஓர் அறிவும் போனது. ஃப்ரெமென் கதையில் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அவர்கள் கனவு கண்ட தண்ணீர் வந்தது, அவர்கள் இல்லாமல் போனார்கள்.

சியோனாவைச் சோதிக்க லெட்டோ கடைசியாக மிஞ்சிய பாலைவனத்துக்குக் கூட்டிப்போகும் பகுதி இதற்குச் சாட்சி. நீர்சேமிப்பு உடை போட்டிருக்கிறாள், முகமூடியை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது தெரியவில்லை. மூச்சோடு ஈரம் போகிறது. வரிசை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பக்கங்கள் இவை.

ஹெர்பர்ட்டுக்கு இது திடீரென்று தோன்றியதில்லை. 1957-ல் ஓரிகன் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் ஊர்ப்பக்கம் நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்துவதைப் பற்றி எழுதப் போனவர் அவர். மணலைப் பச்சையாக்கினால் என்ன நடக்கும் என்ற கேள்வி அங்கே பிறந்தது.

குறைகளும் உண்டு. லெட்டோவை மயக்கவே உருவாக்கப்பட்ட ஹ்வீ நோரீ அன்பும் பொறுமையுமாகவே இருக்கிறாள், அதற்குமேல் அவளுக்கு உயிர் கொடுக்கவில்லை. லெட்டோவின் பெண்படையையும் தன்பாலீர்ப்பாளர்களையும் பற்றி வரும் கருத்துகள் இன்று நன்றாகவே உறுத்துகின்றன. அக்காவும் அந்த இடங்களில் கோபப்பட்டார்.

பாதியில் மூடிவைத்தவர்களுக்கு ஒரு யோசனை: நேராகச் சியோனாவின் பாலைவனப் பகுதிக்குப் போங்கள். அது பிடித்திருந்தால் பின்னால் வந்து மோனியோவின் உரையாடல்களை வாசியுங்கள். அவன் சியோனாவின் அப்பா. மகளை அந்தச் சோதனைக்கு அனுப்பப்போகும் பயத்தோடுதான் அவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசுகிறான். குலசேகரத்து நண்பரை இப்படித்தான் மறுபடி வாசிக்க வைத்திருக்கிறேன்.