தபாரெஸ் வளர்த்த பையன்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2010 உலகக் கோப்பைக் கால்பந்தை நம்மில் நிறையப் பேர் தூக்கம் விட்டுப் பார்த்தோம். உருகுவேவும் கானாவும் மோதிய காலிறுதி நினைவிருக்கும். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், கோலுக்குள் போகவிருந்த பந்தை சுவாரெஸ் கையால் தடுத்தார். அவருக்குச் சிவப்பு அட்டை, கானாவுக்குப் பெனால்டி. கியான் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுப் போய்விட்டது. பிறகு பெனால்டி முறையில் உருகுவே வென்றது. அன்று ஊரெல்லாம் சுவாரெஸ் பேச்சுதான். நான் பேச வந்தது, அந்த அணியின் பயிற்சியாளராக எல்லைக்கோட்டருகே நின்ற நரைத்த தலை மனிதரைப் பற்றி. ஆஸ்கர் தபாரெஸ்.

1947-இல் உருகுவேயின் தலைநகர் மாண்டெவிடியோவில் பிறந்தவர். தொழில்முறைத் தடுப்பாட்டக்காரர், பெரிய நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. கூடவே தொடக்கப் பள்ளி ஆசிரியர். அதனால்தான் இன்றும் உருகுவேக்காரர்கள் அவரை ‘மாஸ்டர்’ என்றே கூப்பிடுகிறார்கள். உருகுவேயின் மொத்த மக்கள்தொகை சுமார் 35 லட்சம். இந்த எண்ணைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எனக்குப் பிடித்த கதை 1987-இல் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த ஆண்டு அவர் மாண்டெவிடியோவின் பென்யரோல் அணிக்குப் பயிற்சியாளர். பெரும்பாலும் இளவட்டங்கள் நிறைந்த அணி. தென்னமெரிக்கக் கழகங்களின் பெரிய போட்டியான கோபா லிபர்டடோரஸின் இறுதிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். எதிரே கொலம்பியாவின் கலி நகரத்து ‘அமெரிக்கா’ அணி. ஆமாம், அணியின் பெயரே அதுதான். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இறுதியில் தோற்று, இந்த முறை விடக்கூடாது என்று வந்திருந்தவர்கள்.

இறுதி என்பது அப்போது ஒரே ஆட்டமல்ல, ஊருக்கொன்றாக இரண்டு. முதல் ஆட்டம் கலியில். பென்யரோல் 2-0 என்று தோற்றது. இரண்டாவது, சொந்த ஊரில். அங்கும் முதல் கோலை வாங்கியது பென்யரோல்தான். டியேகோ அகிர்ரே சமன் செய்தார். ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருக்கும்போது வில்லர் ஒரு ஃப்ரீ கிக்கை உள்ளே அனுப்பினார். 2-1. ஆளுக்கொரு வெற்றி. எனவே மூன்றாவது ஆட்டம், பொது இடமான சிலியின் சாண்டியாகோவில்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மூன்றாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் டிரா ஆனால் கோப்பை அமெரிக்காவுக்கு. மொத்த கோல் கணக்கில் அவர்கள் ஒன்று முன்னால். தொண்ணூறு நிமிடம் ஆகிறது, கோல் இல்லை. கூடுதல் நேரமும் ஓடுகிறது, கோல் இல்லை. 120-ஆவது நிமிடம். கலி அணியின் பக்கம் கொண்டாட்டத்துக்குத் தயாராகிவிட்டார்கள். அப்போது 22 வயது அகிர்ரே, பந்தை வாங்கி உள்ளே ஓடி இடது காலால் அடிக்கிறார். கோல்! மறுபடி ஆட வினாடிகள்தான் மிச்சம். கோப்பை பென்யரோலுக்கு. அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. 120 நிமிடமும் ஒழுங்கு குலையாமல் நின்ற இளம் அணிக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்பேன் நான்.

அதன் பிறகு 1990 உலகக் கோப்பைக்கு உருகுவேயைக் கூட்டிப் போனார். பிறகு அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ், இத்தாலியின் கல்யாரி, மிலான் என்று பல கழகங்கள். மிலானில் நிலைக்கவில்லை. அதை விட்டுவிட்டு 2006-க்கு வருகிறேன்.

2006 உலகக் கோப்பைக்கு உருகுவே தகுதி பெறவே இல்லை. ஆஸ்திரேலியாவிடம் பெனால்டியில் தோற்றது. அப்போது தபாரெஸை மறுபடி அழைத்தார்கள். அவர் ஒரு திட்டத்தோடு வந்தார். 35 லட்சம் பேர் என்றேனே, அதற்கு வருகிறேன். பிரேசில்போல ஆள் பொறுக்க முடியாது. தேறிய பையன்களும் இருபது வயதுக்குள் ஐரோப்பாவுக்குப் போய்விடுவார்கள். நாட்டு அணிக்குக் கிடைப்பது ஆட்டத்துக்கு முந்தைய சில நாட்கள்தான். அப்படியானால் எப்போது கற்றுக்கொடுப்பது? பையன்களாக இருக்கும்போதே! 15 வயதுக்குட்பட்டோர், 17, 20, பெரியவர்கள் என்று எல்லா அணிகளையும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆட்டமுறையில், ஒரே நடத்தை விதிகளில் கொண்டுவந்தார். திரும்பச் சொல்கிறேன், எல்லா அணிகளையும். பயிற்சியாளர்கள் பலர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காகத் திட்டம் போடுவார்கள். இவர் போட்டது பத்தாண்டுக்கான திட்டம். “பாதையே பரிசு” என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம்.

பலன் வரிசையாக வந்தது. 2010-இல் அரையிறுதி, 2011-இல் அர்ஜென்டினா மண்ணில் தென்னமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்கா. அதே 2011-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலும், 2013-இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலும் இறுதி ஆட்டம். அந்த 2013 அணியில் ஹிமேனெஸ் என்றொரு தடுப்பாட்டக்காரப் பையன் இருந்தான்.

நேரம் ஓடிவிட்டது, கைகாட்டுகிறார்கள். சுருக்கமாக முடிக்கிறேன். 2016-இல் நரம்புக் கோளாறு தபாரெஸின் கால்களைப் பலவீனமாக்கியது. 2018 உலகக் கோப்பைக்கு ஊன்றுகோலோடு வந்தார். எகிப்துக்கு எதிரே கடைசி நிமிடங்களில் அதே ஹிமேனெஸ் தலையால் முட்டிக் கோல் போட்டபோது, ஊன்றுகோலை மறந்து துள்ளி எழுந்தார். 1970-க்குப் பிறகு உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தை உருகுவே வென்றது அன்றுதான்.

2021 நவம்பரில், தொடர்ந்து நான்கு தோல்விகள். 2022 கத்தார் உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்கள் நான்கு மிச்சமிருக்க, 15 ஆண்டு வேலை பார்த்தவரை அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. புதிய பயிற்சியாளர் அலோன்சோ அந்த நான்கையும் வென்று கத்தாருக்குத் தகுதி வாங்கித் தந்தார், அது அவருக்குப் பெருமைதான். ஆனால் அந்த நான்கு ஆட்டங்களில் கோல் போட்டவர்கள் சுவாரெஸ், கவானி, அர்ராஸ்கேட்டா, பெந்தன்கூர், வால்வெர்டே. இந்த ஐந்து பேரையும் நாட்டு அணியில் முதன்முதலாக இறக்கியவர் தபாரெஸ்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.