பூனைப் படம் விற்ற காசு பூனைக்குப் போய்ச் சேர

(காட்சி: மேசை மேல் பூனை ஸ்டிக்கர்கள் அச்சான தாள். பக்கத்தில் கால்நடை மருத்துவமனை ரசீது ஒன்று.)

வணக்கம். பூனைப் படம் போட்ட ஸ்டிக்கர், மக், துணிப்பை, பின் பேட்ஜ் இவற்றை விற்று, வருகிற பணத்தில் ஆதரவில்லாத பூனைகளைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது. நல்ல எண்ணம்தான். அதை எப்படி நடத்துவது, எங்கே கையைச் சுட்டுக்கொள்ள வாய்ப்பிருக்கிறது, வருகிற பணம் எந்தச் செலவுக்குப் போக வேண்டும் என்று இந்த வீடியோவில் பார்ப்போம். கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரியாமல் கடை போட்டால், விலையில் இருந்து டிசைன் வரை எதையும் சரியாக முடிவு செய்ய முடியாது.

வண்டியில் அடிபட்ட ஒரு பூனையின் படத்தைப் போட்டு உதவி கேட்டால் பணம் வரும். மனிதர்களுக்கு மனம் இளகும், உடனே அனுப்புவார்கள். ஆனால் நன்றாக ஓடித் திரியும் ஒரு தெருப் பூனையைக் காட்டி, "இதற்குக் கருத்தடை செய்ய வேண்டும், பணம் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மீட்பு வேலையில் மிகவும் பயன் தருகிற செலவு அதுதான், பரிதாபம் வராத செலவும் அதுதான்.

(காட்சி: ஒரு தாய்ப் பூனை, நான்கு குட்டிகள். காலண்டர் தாள்கள் புரள்கின்றன.)

பெண் பூனை 4 மாத வயதிலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம். ஒரு ஈற்றுக்குச் சுமார் 4 குட்டிகள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகலாம். ஒரே வருடத்தில் இரண்டு மூன்று ஈற்று என்பது சாதாரணம். இதனால்தான் தெருப் பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் திரும்ப விடுகிற முறை உலகெங்கும் நடக்கிறது. குட்டிகளை எடுத்து வளர்த்து வீடு தேடிக் கொடுப்பது ஒரு பக்கம் நடக்கட்டும். குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்க முடியாதல்லவா.

அப்புறம் தடுப்பூசி. பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய், ஊசி போடாத குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடும். அந்த வைரஸ் ஒரு அறையில் ஒரு வருடம் வரைக்கும்கூட உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கும் சானிடைசருக்கும் அடங்காது, பிளீச்சிங் கரைசல் போன்ற வலுவான கிருமிநாசினிதான் வேண்டும். தாய் இல்லாத குட்டிகள் என்றால் இன்னும் கஷ்டம். முதல் வாரங்களில் 2, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும், அதற்கென்றே உள்ள பால் மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். மாட்டுப்பால் ஆகாது. அதற்கும் முன்னால் உடம்பைச் சூடாக்க வேண்டும். சில்லிட்டுப் போன குட்டிக்குப் பால் கொடுத்தால் அது செரிக்காது, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கருத்தடை, தடுப்பூசி, பால் மாவு, பிளீச்சிங். இவற்றைப் படம் எடுத்துப் போட்டால் யாருக்கும் கண் கலங்காது. கடையில் இருந்து வருகிற பணத்தின் அருமை இங்கேதான் தெரியும். வாங்குகிறவர் தனக்குப் பிடித்த ஒரு பொருளுக்காகக் காசு கொடுக்கிறார், எந்தப் பூனைக்கு என்று நிபந்தனை போடுவதில்லை. மாதம் தவறாமல் கொஞ்சம் வந்தால் போதும், பரிதாபப் பணம் எட்டாத இடத்துக்கு அது போகும். அதனால் கடையின் குறிக்கோளை "பூனைகளுக்கு உதவுவது" என்று பொத்தாம்பொதுவாக வைக்காதீர்கள். "மாதம் இத்தனை கருத்தடை" என்று எண்ணிக்கையில் வையுங்கள். உங்கள் மருத்துவர் ஒரு அறுவைக்கு என்ன கேட்கிறார் என்று விசாரித்து, அதில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

(காட்சி: பலகையில் 100 கட்டங்கள். ஒவ்வொன்றாக நிறம் மாறுகின்றன.)

சரி, கணக்கு. ஒரு மக்கின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்லும் எண்கள் கணக்குப் புரிவதற்கான உதாரணம், உங்கள் எண்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அச்சோடு சேர்த்து மக் 40. பெட்டி, குமிழ் உறை, டேப் 12. விற்கும் தளமும் பணம் வாங்கும் வசதியும் எடுத்துக்கொள்வது 10. வழியில் உடைந்து திரும்ப அனுப்ப வேண்டியவை, மாதிரிக்குப் போட்டவை எல்லாம் சேர்த்து 8. மீதி 30. இதிலும் வரி இன்னும் வரவில்லை. கூரியர் செலவை வாங்குகிறவர் தருகிறார் என்று வைத்துத்தான் இந்த 30.

ஸ்டிக்கருக்கு வாருங்கள். அச்சு 12, உறை 6, தளத்துக்கு 10, மற்றவை 4. மீதி 68. பார்த்தால் ஸ்டிக்கர்தான் தங்கம் போலத் தெரியும். ஆனால் அதன் விலையே சிறியது. பணம் வாங்கும் வசதிகள் பல, சதவீதத்தோடு ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகையும் பிடிக்கும். ஒற்றை ஸ்டிக்கர் ஆர்டரில் அந்தத் தொகையே பெரும் பங்கைத் தின்றுவிடலாம். அதனால் ஸ்டிக்கரை ஐந்து, ஆறு சேர்ந்த செட்டாக விற்பதுதான் சரி. அல்லது மக் வாங்குகிறவரின் பெட்டியில் கூடச் சேர்கிற பொருளாக வையுங்கள்.

டிஷர்ட்டைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் ஒன்று உண்டு: அதில் தொடங்காதீர்கள். 5 அளவு, 2 நிறம், 3 டிசைன் என்றால் 30 வகைச் சரக்கு. நடு அளவு முதல் வாரமே தீர்ந்துவிடும், ஓரத்து அளவுகள் அட்டைப்பெட்டியில் தேங்கி நிற்கும். தேங்கிய ஒவ்வொரு டிஷர்ட்டும் செய்ய முடியாமல் போன கருத்தடையின் ஒரு துண்டு. டிஷர்ட் வேண்டியே ஆக வேண்டும் என்றால், ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொன்றாக அச்சடித்து அனுப்பும் நிறுவனங்கள் மூலம் விற்கலாம். லாபம் குறையும், சரக்கு தேங்காது. துணிப்பைக்கு அளவுப் பிரச்சினையே இல்லை. ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் துணித்திரை கட்டிய தனிச் சட்டகம் செய்ய வேண்டும் என்பதால், ஒரே நிறத்தில் வரைந்த டிசைன் செலவைக் குறைக்கும். எனாமல் பின்னுக்கு, அதாவது உலோகத்தில் நிறம் நிரப்பிய பேட்ஜுக்கு, அச்சுவார்ப்புச் செலவு முதலிலேயே வரும், அதனால் ஸ்டிக்கராக நன்றாக ஓடிய டிசைனைத்தான் பின் பேட்ஜாகச் செய்ய வேண்டும்.

(காட்சி: திரையில் ஒரு பூனை ஓவியம் பெரிதாகிறது. காதின் நுனி மட்டும் நேராக வெட்டுப்பட்டிருக்கிறது.)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி டிசைன். இந்தக் காதைப் பாருங்கள். கருத்தடை செய்த தெருப் பூனைக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே, பெரும்பாலும் இடது காதின் நுனியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிடுவார்கள். ஏற்கெனவே கருத்தடை ஆன பூனை என்று தூரத்தில் இருந்தே தெரியும், மறுபடி பிடித்து மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் பூனை ஓவியத்தில் அந்தக் காதை அப்படியே வரையுங்கள். வாங்குகிறவர் "ஏன் காது இப்படி?" என்று கேட்பார். ஸ்டிக்கரின் பின்தாளில் இரண்டு வரியில் பதில் இருக்கட்டும். லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் அந்தப் படத்தை இன்னொருவர் பார்த்து மறுபடியும் கேட்பார். இதை விடச் சிறந்த விளம்பரம் எனக்குத் தோன்றவில்லை.

வரையக் கூடாதவையும் உண்டு. பூனையையும் லில்லிப் பூவையும் ஒன்றாக வரையாதீர்கள். லில்லியின் இதழ், இலை, மகரந்தத்தூள், ஏன், பூ வைத்த குவளையின் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். உங்கள் மக்கில் அழகாக இருக்கிறதே என்று ஒருவர் வீட்டில் அதே போல அடுக்கிவிடக் கூடாது. பால் கிண்ணமும் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பூனை படத்துக்குக் கொள்ளை அழகுதான். ஆனால் காதை மடக்குகிற அதே மரபணு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைப் பாதித்து மூட்டுவலி தருகிறது. மீட்புக்காக நடத்தும் கடை அந்த இனத்தின் மேல் ஆசையைக் கிளப்புவது நியாயமில்லை. நூல், ரிப்பன், மெல்லிய எலாஸ்டிக் தொங்கும் பொருளும் வேண்டாம். பூனை நூலை விழுங்கினால் குடல் சுருங்கிக் கிழிந்துபோகக்கூடும், வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டி வரலாம்.

அச்சு விஷயத்தில் ஒன்றிரண்டு. ஆரஞ்சுப் பூனை திரையில் பளபளவென்று இருக்கும், தாளில் செங்கல் நிறமாகிவிடும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. அந்தப் பளீர் ஆரஞ்சு மையில் கிடைக்காது, முதலிலேயே சிஎம்ஒய்கே முறையில், அதாவது அச்சு மையின் நான்கு நிறங்களில், வேலை செய்து மாதிரி வாங்கிப் பாருங்கள். படத்தின் நுணுக்கம் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) இருக்கட்டும், வெட்டும் கோட்டைத் தாண்டி ஓரத்தில் 3 மில்லிமீட்டர் படத்தைக் கூடுதலாக விடுங்கள். முக்கியமாக மீசை. வெளிக்கோட்டைத் தாண்டி நீளும் மீசை முடிகளை ஒட்டியே ஸ்டிக்கரை வெட்டச் சொன்னால், ஒட்டும்போது அந்த முனைகள்தான் முதலில் சுருண்டு கிழியும். மீசையையும் சேர்த்துச் சுற்றிலும் வெள்ளை விளிம்பு கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பிரபலமான கார்ட்டூன் பூனைகளை எடுத்துப் போடாதீர்கள், நல்ல காரியத்துக்கு என்றாலும் சட்டம் விலக்குத் தராது. இணையத்தில் புகழ்பெற்ற கிரம்ப்பி கேட் என்ற பூனையின் பெயரையும் படத்தையும் ஒப்பந்தத்துக்கு மீறிப் பயன்படுத்திய ஒரு நிறுவனம் 7,10,001 டாலர் தர வேண்டும் என்று 2018ல் அமெரிக்க நீதிமன்ற ஜூரி தீர்ப்பளித்தது. மறுபக்கம், லில் பப் என்ற பூனையை நினைத்துப் பாருங்கள். 2011ல் பிறந்தது, உடல் குறைபாடுகளோடு, நாக்கு எப்போதும் வெளியே. அந்த முகம் போட்ட பொருட்களின் விற்பனையும் நிகழ்ச்சிகளும் சேர்ந்து, 2019ல் அது இறப்பதற்குள் மற்ற விலங்குகளுக்காக 7 லட்சம் டாலருக்கு மேல் திரட்ட உதவின. நீங்கள் மீட்ட பூனைகளின் முகங்களே உங்களுக்குப் போதும்.

(காட்சி: ஒரு பேக்கிங் மேசை. கதவில் "பூனைகளுக்கு அனுமதி இல்லை" என்ற தாள்.)

பலர் யோசிக்காமல் விடுகிற விஷயம் இந்த மேசை எங்கே இருக்கிறது என்பது. உங்கள் வாடிக்கையாளர் அநேகமாக வீட்டில் பூனை வைத்திருப்பவர். நோய்ப்பட்ட குட்டிகளை வைத்திருக்கும் அறையில் துணிப்பைகளை அடுக்கினால், பான்லூகோபீனியாவும் படர்தாமரைப் பூஞ்சையும் பார்சலோடு அவர் வீட்டுக்கே போகலாம். பூஞ்சை வித்துகள் துணியிலும் அட்டையிலும் மாதக்கணக்கில் தாங்கும். சரக்கு தனி அறையில், மூடிய பெட்டியில் இருக்க வேண்டும். பேக்கிங் செய்பவர் குட்டிகளைக் கவனிப்பதற்கு முன்னால் அந்த வேலையை முடித்துவிட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அனுப்புவது என்று வைத்து, அதைக் கடையிலேயே எழுதிவிடுங்கள். இரவு மூன்று மணிக்குப் பால் கொடுத்தவரைக் காலை எட்டுக்குக் கூரியர் வரிசையில் நிற்க வைப்பது அநியாயம்.

"லாபத்தில் ஒரு பகுதி பூனைகளுக்கு" என்ற வரியை நான் நம்ப மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள். எந்தப் பகுதி? ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று தொகையைப் போடுங்கள். கடைக்குத் தனி வங்கிக் கணக்கு, மாதம் ஒரு முறை வரவும் செலவும், மருத்துவமனை ரசீதோடு. இன்னொரு மீட்பு அமைப்புக்குக் கொடுப்பதானால் அவர்கள் பெயரையும் லோகோவையும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொருள் வாங்கியதைப் பொதுவாக வரிவிலக்குக்கான நன்கொடையாகக் காட்ட முடியாது, அப்படி ஆசை காட்டாதீர்கள். வரி, பதிவு இவை இடத்துக்கு இடம் மாறும், ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 8 சர்வதேசப் பூனை தினம், அக்டோபர் 4 உலக விலங்குகள் தினம். இந்த நாட்களை ஒட்டி விற்பனை ஏறும், ஆனால் அச்சுக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தால்தான்.

(காட்சி: மூன்று உறைகள். "கருத்தடை", "அவசரம்", "அடுத்த சரக்கு".)

கடைசியாக, வந்த பணத்தைப் பிரிப்பது. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பெரிய பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு, அடுத்த சரக்குக்கு ஒரு பங்கு. ஒரு நாள் இரவு அடிபட்ட பூனை ஒன்று வரும், அவசர உறை காலியாக இருக்கும், சரக்கு உறையில் பணம் இருக்கும். எடுத்தால் முதலுக்கே மோசம், அடுத்த மாதம் விற்கப் பொருள் இருக்காது. எடுக்காவிட்டால் கண் முன்னால் ஒரு உயிர். அந்த நேரத்தில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. என் கருத்து, சரக்கு உறையில் இருந்து பாதி வரைக்கும் கடனாக எடுக்கலாம், அடுத்த விற்பனையில் முதலில் அது திரும்பி வர வேண்டும், மீதிக்குப் பொதுவில் உதவி கேட்க வேண்டும். அடிபட்ட பூனைக்கு உதவி கேட்டால் பணம் வரும் என்று முதலிலேயே பார்த்தோம். உங்கள் வரம்பு வேறாக இருக்கலாம். எதுவானாலும் கூட நடத்துகிறவர்களோடு பேசி, தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதல் டிசைனை அச்சுக்கு அனுப்புங்கள்.